கொசுறாக வந்தவர் பங்குதாரர் ஆனார்!

கடையில் காய்கறி வாங்கினால் கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை கிடைக்கும். கொசுறாக மனிதர் கிடைப்பாரா?

கிடைத்தார்! 1975-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு பேரத்தில், 21 வயது இளைஞர் ஒருவர் கிட்டத்தட்ட அப்படித்தான் கைமாறினார். அவர் ஒரு கூடைப்பந்து வீரர். எந்தக் குழு அவரை வாங்கிக்கொண்டதோ, அதே குழுவில் 49 ஆண்டுகள் கழித்து அவர் பங்குதாரர் ஆனார்!

அவர் பெயர் ஜூனியர் பிரிட்ஜ்மேன்.

கூடைப்பந்து ரசிகர்கள் ஓயாமல் வாதாடும் கேள்விகள் மூன்று உண்டு. வீரர்களை மாற்றிக்கொள்வது நியாயமா? குழு யாருக்குச் சொந்தம்? வீரர்களில் சிறந்தவர் யார்? பிரிட்ஜ்மேனின் வாழ்க்கையில் இந்த மூன்று கேள்விகளும் வந்து போயின.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இருந்தார். 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குள்ளேயே விளையாடுவதற்கு அவர் ஒரு புது ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டினார். அதற்குள் பந்தைப் போடச் சொன்னார். அதுதான் கூடைப்பந்து.

அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் இந்த ஆட்டம் பெரிய தொழிலாக வளர்ந்துவிட்டது. 1946-ல் தொழில்முறைச் சங்கம் ஒன்று தோன்றியது. இன்று அதில் 30 குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தக்காரர் உண்டு. வீரர்களுக்குச் சம்பளம் உண்டு. வீரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு குழு தன் வீரருடைய ஒப்பந்தத்தை இன்னொரு குழுவுக்குக் கொடுக்கலாம். பதிலுக்கு வேறு வீரர்களை வாங்கிக்கொள்ளலாம். ஒப்பந்தம் போகும் ஊருக்கு வீரரும் போக வேண்டும். மிகச் சில வீரர்களுக்கே "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உண்டு.

நாணயம் விழுந்தது!

கல்லூரியில் படித்து முடித்த வீரர்களை எந்தக் குழு எடுத்துக்கொள்வது? அதற்கும் ஒரு முறை உண்டு. தோற்ற குழுவுக்கு முதல் உரிமை. பலவீனமான குழு பலம் பெறட்டும் என்பது நோக்கம்.

1969-ல் கடைசி இடத்தில் இருந்த குழுக்கள் இரண்டு. ஒன்று மில்வாக்கி. மற்றது பீனிக்ஸ். அந்த ஆண்டு கல்லூரியிலிருந்து வெளிவர இருந்தவரோ 7 அடி 2 அங்குல உயரமுள்ள ஒரு நியூயார்க் இளைஞர். அவரைப் போன்ற வீரர் கிடைப்பது அரிது.

யாருக்கு அவர்? நாணயம் சுண்டிப் பார்க்க முடிவாயிற்று.

தலையா, பூவா? பீனிக்ஸ் குழுவினர் தங்கள் ரசிகர்களிடமே யோசனை கேட்டார்கள். "தலை" என்றார்கள் ரசிகர்கள். நாணயம் சுண்டப்பட்டது. பூ விழுந்தது!

இளைஞர் மில்வாக்கிக்குப் போனார். அவர்தான் பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகப் புகழ் பெற்றவர். இஸ்லாம் மதத்தைத் தழுவிய அவர், 1971-ல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்.

மில்வாக்கி, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள தொழில் நகரம். அந்தக் குழு 1968-ல்தான் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1971-ல், சாம்பியன் பட்டம் வென்றது! கரீமுடன் சேர்ந்து ஆடியவர் ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற பெரும் வீரர். ஊரே கொண்டாடியது.

"என்னைப் போக விடுங்கள்!"

ஆனால் கரீமுக்கு அந்த ஊர் ஒட்டவில்லை.

அவர் பிறந்து வளர்ந்தது நியூயார்க். படித்தது லாஸ் ஏஞ்சல்சில். இரண்டும் மாபெரும் நகரங்கள். 1974 அக்டோபரில் அவர் குழுவின் நிர்வாகிகளைச் சந்தித்தார். தம்மை வேறு குழுவுக்கு மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டார். மில்வாக்கி மக்கள் மீது அவருக்குக் குறை இல்லை. தம் வாழ்க்கை முறைக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற சூழ்நிலை அங்கே இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அப்போது மில்வாக்கி குழுவின் பொது மானேஜர் வெய்ன் எம்ப்ரி. அச்சங்கத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவர். அவரும் முன்பு வீரராக இருந்து, ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு மாறியவர்தான்.

எம்ப்ரிக்குத் தர்மசங்கடம். கரீமை விட்டால் ஊர் ஏசும். விடாவிட்டாலோ, ஒப்பந்தம் முடிந்ததும் அவர் தாமே போய்விடக்கூடும். அப்போது கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஒருவருக்காக நால்வர்

1975 ஜூன் 16 அன்று பேரம் முடிந்தது.

கரீம் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் குழுவுக்குப் போனார். வால்ட் வெஸ்லி என்ற வீரரும் கூடப் போனார். பதிலுக்கு நால்வர் மில்வாக்கிக்கு வந்தார்கள். எல்மோர் ஸ்மித், பிரையன் வின்டர்ஸ், டேவ் மேயர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மேன்.

முதல் இருவரும் ஏற்கெனவே சங்கத்தில் ஆடியவர்கள். மற்ற இருவரும் அப்போதுதான் கல்லூரியை முடித்த பிள்ளைகள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் மேயர்சும் பிரிட்ஜ்மேனும் கல்லூரிப் போட்டியின் அரை இறுதி ஆட்டத்தில் எதிரெதிராக ஆடினார்கள். பிரிட்ஜ்மேனின் லூயிவில் குழு ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. மூன்று மாதத்தில் இருவரும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பப்பட்டார்கள்!

லேக்கர்ஸ் குழு பிரிட்ஜ்மேனைத் தேர்ந்தெடுத்தது மே 29 அன்று. கைமாற்றியது ஜூன் 16 அன்று. இடையில் 18 நாட்கள்தான். லேக்கர்ஸ் சட்டையைப் போட்டு அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

கரீம் என்ற மலைக்குப் பக்கத்தில் இந்தப் பெயர்கள் கூழாங்கற்களாகத் தெரிந்தன. அதிலும் நாலாவது பெயர்? கொசுறுதான்!

மாட்டுச் சந்தையா?

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. மனிதனை இப்படி மாற்றலாமா? இது ஒரு கட்சி.

வீரருக்கு மனைவி இருப்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள். ஒருநாள் டெலிபோன் மணி அடிக்கும். மறுநாள் மூட்டை கட்ட வேண்டும். எத்தனை டாலர் கொடுத்தாலும் இந்த வேதனைக்கு ஈடாகுமா என்று இவர்கள் கேட்கிறார்கள்.

இன்னொரு கட்சியும் உண்டு. மாற்றிக்கொள்ள வழி இல்லாவிட்டால் பலவீனமான குழு என்றும் பலவீனமாகவே கிடக்கும். ஒரு குழுவில் உட்கார்ந்தே இருப்பவருக்கு இன்னொரு குழுவில் ஆட இடம் கிடைக்கலாம். சம்பளமும் குறையாமல் கூடவே போகிறது. சர்க்கார் ஊழியரை மாற்றுவதில்லையா என்று இவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

கரீம் தாமே விரும்பி மாறியவர். பிரிட்ஜ்மேனை யாரும் கேட்கவில்லை. ஒரே பேரத்தில் இரண்டு விதமான மனிதர்கள்!

சில சமயம் மாற்றமே வரமாகவும் அமைந்தது உண்டு. 1956-ல் பாஸ்டன் குழுவில் எட் மெக்காலி என்ற வீரர் இருந்தார். அவருடைய ஊர் செயின்ட் லூயிஸ். அவருடைய சின்ன மகனுக்கு மூளைக் காய்ச்சல் வந்து கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தான். மகனுக்காகச் சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தகப்பனார் துடித்தார். அந்தச் சமயத்தில் செயின்ட் லூயிஸ் குழு ஒரு பேரத்துக்கு வந்தது. மெக்காலியும் கிளிப் ஹேகனும் அங்கே போனார்கள். பதிலுக்கு பில் ரஸ்ஸல் என்ற புது வீரரைப் பெறும் உரிமை பாஸ்டனுக்கு வந்தது.

தகப்பனார் மகனிடம் போய்ச் சேர்ந்தார். 1958-ல் செயின்ட் லூயிஸ் பட்டமும் வென்றது. ஆனால் பாஸ்டனோ ரஸ்ஸலை வைத்துக்கொண்டு 13 ஆண்டுகளில் 11 பட்டங்களை அள்ளியது!

யாருக்கு லாபம்?

கரீம் பேரத்தில் லாபம் யாருக்கு? முதல் ஆண்டு முடிவைப் பாருங்கள்.

1975-76 பருவத்தில் கரீமின் லேக்கர்ஸ் குழு 40 ஆட்டங்களில் வென்றது, 42-ல் தோற்றது. இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குள் நுழையவே முடியவில்லை. மில்வாக்கி 38-ல் வென்றது, 44-ல் தோற்றது. ஆனால் அதன் பிரிவில் மற்றவர்கள் இன்னும் மோசம்! ஆகவே பிரிவில் முதலிடம் பெற்று அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது.

"நால்வரே மேல்!" என்று அந்த ஆண்டு ஒருவர் சொல்லியிருந்தால் மறுக்க முடியாது.

ஆனால் காலம் ஓடியது. கரீம் லேக்கர்ஸ் குழுவில் 14 பருவங்கள் ஆடினார். அந்தக் குழு அவருடன் 5 பட்டங்கள் வென்றது. மில்வாக்கியும் நல்ல குழுவாகவே இருந்தது. 1980 முதல் 1986 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் சாம்பியன் பட்டம் மட்டும் எட்டாக் கனியாகவே இருந்தது.

டல்லாசில் ஒரு சவப்பெட்டி

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் டல்லாஸ் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

டல்லாஸ் குழுவின் கண்மணி லூகா டோன்சிச். ஸ்லோவேனியா நாட்டுக்காரர். வயது 25. முந்திய ஆண்டுதான் குழுவை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். அவரை ஒரே இரவில் லேக்கர்ஸ் குழுவுக்கு மாற்றிவிட்டார்கள்! பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் ஆண்டனி டேவிஸ். அவரும் பெரிய வீரர்தான். ஆனால் வயது 31.

டல்லாஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். அரங்கத்துக்கு வெளியே கூடினார்கள். சவப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். "எங்கள் குழு செத்துவிட்டது" என்பது அதன் அர்த்தம்.

அதே ஆண்டு மே மாதம் இன்னொரு வேடிக்கை. புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமைக்கு இப்போது குலுக்கல் நடக்கிறது. டல்லாசுக்கு இருந்த வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆனாலும் அதிர்ஷ்டம் அவர்கள் பக்கமே விழுந்தது! 1969-ல் நாணயம் செய்த வேலையை 2025-ல் குலுக்கல் செய்தது.

சிறந்தவர் யார்?

கரீமின் லேக்கர்ஸ் குழு 1976-ல் பாதிக்கு மேல் தோற்றது அல்லவா? ஆனால் அந்த ஆண்டின் "மிகச் சிறந்த வீரர்" பட்டம் யாருக்குப் போயிற்று தெரியுமா? அதே கரீமுக்கு!

இது எப்படி? தோற்ற குழுவின் வீரர் எப்படிச் சிறந்தவர் ஆவார்?

இந்தப் பட்டத்தின் உண்மையான பெயர் "மிகவும் மதிப்புள்ள வீரர்" என்பது. 1956 முதல் கொடுத்து வருகிறார்கள். மதிப்பு என்றால் என்ன? அதிகப் புள்ளி எடுப்பதா? குழுவை ஜெயிக்க வைப்பதா? அவர் இல்லாவிட்டால் குழு என்ன ஆகும் என்பதா? அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை.

1962-ல் நடந்தது இன்னும் விசித்திரம். வில்ட் சேம்பர்லின் என்ற வீரர் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் எடுத்தார். மார்ச் 2-ந் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தார்! ஆஸ்கார் ராபர்ட்சனோ சராசரியாக 30-க்கு மேல் புள்ளி எடுத்ததோடு, தவறிய பந்துகளைப் பிடிப்பதிலும், மற்றவர்கள் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பதிலும் பத்துக்கு மேல் சராசரி வைத்திருந்தார்.

பட்டம் யாருக்கு? இந்த இருவருக்கும் இல்லை. பில் ரஸ்ஸலுக்கு! அவருடைய சராசரி 19 புள்ளிகூட இல்லை.

அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டவர்கள் வீரர்களே. எதிரியின் பந்தைத் தடுப்பதில் ரஸ்ஸலுக்கு நிகர் யாரும் இல்லை என்பது அவரோடு மோதியவர்களுக்குத்தான் தெரியும். அவருடைய பாஸ்டன் குழு 80 ஆட்டங்களில் 60-ல் வென்றது. பட்டமும் பெற்றது.

1981 முதல் ஓட்டுரிமை பத்திரிகைக்காரர்களுக்கும் ஒலிபரப்பாளர்களுக்கும் போய்விட்டது. கூட நின்று ஆடியவன் சொல்வது சரியா, வெளியே நின்று பார்த்தவன் சொல்வது சரியா? இதுவும் ஒரு வாதம்.

கரீம் இந்தப் பட்டத்தை ஆறு முறை பெற்றார். மில்வாக்கியில் மூன்று. லாஸ் ஏஞ்சல்சில் மூன்று. வேறு யாரும் ஆறு முறை பெற்றதில்லை.

ஆறாவது ஆள்

பிரிட்ஜ்மேனுக்கு எத்தனை முறை? ஒரு முறைகூட இல்லை!

களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். பிரிட்ஜ்மேன் பெரும்பாலும் அந்த முதல் ஐவரில் இருக்க மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதல் ஐவரில் ஒருவர் களைத்ததும் எழுந்து போவார். குழுவைத் தூக்கி நிறுத்துவார். இப்படிப்பட்டவருக்கு "ஆறாவது ஆள்" என்று பெயர்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். பந்தி குறைவில்லாமல் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஓடியாடும் சித்தப்பாவை யார் பார்ப்பார்கள்? ஆனால் அவர் இல்லாவிட்டால் கல்யாணம் நடக்குமா?

பிரிட்ஜ்மேனின் தகப்பனார் இண்டியானா மாநிலத்தில் இரும்பு ஆலைத் தொழிலாளி. மகன் கல்லூரியில் உளவியல் படித்தார். மில்வாக்கிக்காக 711 ஆட்டங்கள் ஆடினார். நெடுங்காலம் அந்தக் குழுவில் அதுவே சாதனையாக இருந்தது. 1984-ல் மறுபடியும் அவரை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, 1987-ல் ஓய்வு பெற்றார்.

கோர்ட்டில் அவர் பெயர்

1985 முதல் 1988 வரை பிரிட்ஜ்மேன் வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1987-ல் வீரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். "ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரனைக் கட்டிப்போடுவது என்ன நியாயம்?" என்பது அவர்கள் கேள்வி. அந்த வழக்கு பிரிட்ஜ்மேன் பெயரிலேயே நடந்தது.

இதே போன்ற வழக்கை 1970-லேயே ஆஸ்கார் ராபர்ட்சன் தொடுத்திருந்தார். அது 1976-ல் சமரசமாக முடிந்தது. கட்டு கொஞ்சம் தளர்ந்தது. பிரிட்ஜ்மேன் வழக்கு 1988-ல் சமரசமானபோது கட்டு இன்னும் அவிழ்ந்தது. பல ஆண்டுகள் ஆடி, ஒப்பந்தக் காலத்தை முடித்த வீரர், தாம் விரும்பிய குழுவுக்குத் தாமே போகலாம் என்ற உரிமை பிறந்தது. பழைய குழு தடுக்க முடியாது.

18 நாளில் தம்மை யாரும் கேட்காமல் கைமாற்றப்பட்ட இளைஞர், மற்ற வீரர்களிடம் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்க வைத்தார்!

அடுப்படியில் முதலாளி

பிரிட்ஜ்மேன் வாங்கிய அதிகபட்சச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் டாலர். பின்னால் வந்த வீரர்கள் வாங்கியதோடு பார்த்தால் இது சொற்பம். வயது ஏறினால் ஆட்டம் நின்றுவிடும். அப்புறம்?

அவர் முன்கூட்டியே யோசித்தார். "வெண்டீஸ்" என்ற ஓட்டல் கம்பெனியின் கிளைகளில் பணம் போட்டார். அங்கே இறைச்சி வைத்த ரொட்டி விற்பார்கள். பணம் போட்டதோடு அவர் நிற்கவில்லை. தாமே கடைக்குள் போய் வேலை பழகினார். அடுப்படியிலும் கல்லாவிலும் நின்று தொழிலைக் கற்றார். கூடைப்பந்து வீரர் ரொட்டிக் கடையிலா என்று அவர் வெட்கப்படவில்லை.

ஐந்து கடைகளில் தொடங்கியவர் நூற்றுக்கணக்கான ஓட்டல்களுக்குச் சொந்தக்காரர் ஆனார். பிறகு கோகோ கோலா பானத்தைப் புட்டியில் அடைக்கும் தொழிலில் இறங்கினார். 2025-ல் போர்ப்ஸ் பத்திரிகை அவருடைய சொத்து 100 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டது. அவர் ஆடிய காலத்தில் அவரைவிடப் பல மடங்கு புகழ் பெற்றவர்களில் பலர்கூட இந்தச் செல்வத்தை எட்டவில்லை.

குழு யாருக்குச் சொந்தம்?

குழுவுக்குப் பணம் போடுபவர் முதலாளி. டிக்கெட் வாங்கிக் கத்துபவர்கள் ஊர் மக்கள். குழு யாருடையது?

சியாட்டில் நகர மக்கள் இந்தக் கேள்விக்குக் கண்ணீரோடு பதில் தெரிந்துகொண்டார்கள். அங்கே 41 ஆண்டுகள் ஒரு குழு இருந்தது. 1979-ல் சாம்பியன் பட்டமும் வென்றது. 2006-ல் அதன் முதலாளி ஹோவர்டு ஷுல்ட்ஸ் 35 கோடி டாலருக்கு அதை விற்றார். வாங்கியவர்கள் ஓக்லஹோமா நகரத்துக்காரர்கள். 2008-ல் குழுவையே தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்! நகரசபை வழக்குப் போட்டது. நாலரைக் கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமரசமானது. பணம் வந்தது, குழு போயிற்று.

மில்வாக்கிக்கும் இந்த ஆபத்து வந்தது. ஆனால் அங்கே ஹெர்ப் கோல் இருந்தார். அந்த ஊரிலேயே பிறந்தவர். குழு ஊரைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று 1985-ல் 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். பின்பு அவர் அமெரிக்க செனட் சபை உறுப்பினரும் ஆனார். 2014-ல் 55 கோடி டாலருக்கு விற்றபோது, "குழு மில்வாக்கியிலேயே இருக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டார். புது அரங்கம் கட்டத் தம் பங்காக 10 கோடி டாலரும் கொடுத்தார்!

ஆனால் அந்த அரங்கத்துக்குப் பொதுமக்கள் வரிப் பணத்திலிருந்தும் 25 கோடி டாலர் போயிற்று. கோடீசுவரர்களின் குழுவுக்கு ஏழையின் வரிப் பணமா என்று 2015-ல் பலர் எதிர்த்தார்கள். குழு போய்விட்டால் ஊரின் பெயரும் வியாபாரமும் போய்விடுமே என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அரங்கம் 2018-ல் திறக்கப்பட்டது.

ஐம்பது ஆண்டுத் தவம்

கரீம் காலத்து 1971 பட்டத்துக்குப் பிறகு மில்வாக்கி 50 ஆண்டுகள் காத்திருந்தது.

2013-ல் அந்தக் குழு ஒரு மெலிந்த பையனைத் தேர்ந்தெடுத்தது. கிரேக்க நாட்டில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பெயர் யானிஸ் அன்டெட்டோகும்போ. அந்த ஆண்டுத் தேர்வில் 14 பேர் அவருக்கு முன்னால் எடுக்கப்பட்டார்கள். அவர் 15-வது. அந்த 15-வது பையன் 2019-லும் 2020-லும் மிகச் சிறந்த வீரர் பட்டம் பெற்றார்!

2021 ஜூலை 20. இறுதிப் போட்டி. யானிஸ் 50 புள்ளிகள் எடுத்தார். மில்வாக்கி மறுபடியும் சாம்பியன்!

தோற்ற குழு எது தெரியுமா? பீனிக்ஸ்! 1969-ல் "தலை" கேட்டு ஏமாந்த அதே பீனிக்ஸ்!

மூன்று சட்டைகள்

2024 செப்டம்பரில் பிரிட்ஜ்மேன் மில்வாக்கி குழுவின் பத்தில் ஒரு பங்கை வாங்கினார். அப்போது குழுவின் மொத்த மதிப்பு 300 கோடி டாலருக்கும் மேல். ஒரு காலத்தில் குழுவின் கணக்குப் புத்தகத்தில் சரக்காக இருந்தவர், அந்தப் புத்தகத்தில் முதலாளியாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஆறு மாதம்தான். 2025 மார்ச் 11 அன்று லூயிவில் நகரில் ஒரு நற்பணி விருந்துக்குப் போயிருந்தபோது அவர் திடீரென்று காலமானார். வயது 71.

மில்வாக்கி அரங்கத்தில் உயரத்தில் சில சட்டைகளின் எண்கள் தொங்குகின்றன. பெரிய வீரர்களுக்கு அந்த ஊர் செய்யும் மரியாதை அது. அந்த எண்ணை இனி வேறு யாரும் அணிய மாட்டார்கள். அங்கே 33 என்ற எண் தொங்குகிறது. அது கரீமுடையது. 32 தொங்குகிறது. அது பிரையன் வின்டர்சுடையது. 2 என்ற எண்ணும் தொங்குகிறது. அது பிரிட்ஜ்மேனுடையது.

1975-ல் பேரம் பேசி மாற்றப்பட்ட மூன்று பேர்! ஒருவர் அந்த ஊரைவிட்டுப் போனவர். இருவர் அவருக்குப் பதிலாக வந்தவர்கள். இன்று மூவரின் எண்களும் ஒரே கூரையின் கீழே தொங்குகின்றன.

யாருக்கு லாபம் என்ற கணக்கை ரசிகர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேரம் நடந்த அன்று எல்லாரும் பெரிய பெயரைத்தான் பார்த்தார்கள். கடைசியில் இருந்த பெயரின் விலை என்ன என்று தெரிய 49 ஆண்டுகள் ஆயின.